தர்வீனியா முத்திரையின் முதற் பாவனையாளர்

"நீங்கள் என்னவோ கேக்க வந்த மாதிரி இருந்துது," என்றாள் வெரோனிக்கா.

"நானோ?"

"இஞ்ச வேற ஆர் நிக்கினம்?"

"ஒண்டுமில்லை. உம்மட அறையில ஹீட்டர் வேலை செய்யுதோ எண்டு கேப்பம் எண்டு."

"இது ஆடி மாசம்."

"பனிக்கு முதலே பாத்து வைக்கிறது நல்லம்தானே."

"நல்லம்தான். மூண்டு ரெயில் மாறி வந்து என்ர ஹீட்டரை விசாரிக்கிற மனுசன் நீங்கள் ஒராள்தான். ரொறன்ரோவில இருக்கிற என்ர அண்ணைக்குக்கூட அந்தக் கரிசனை இல்லை."

பேர்லினில், நொய்கெல்ன் பகுதிக் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து, பின்னால் இருந்த சிறு மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நடந்த பேச்சு இது. 1993 ஆடி மாதம். அதற்குப் பிறகு எட்டு மாதமாகச் சில்வெஸ்டர் இந்தப் பேச்சை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் 'ஒண்டுமில்லை' என்ற இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வான். அவன் என்ன கேட்க வந்தான் என்பது அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தேநீர் ஊற்றிய லூர்தம்மா அக்கா, அவன் வாயைத் திறந்தபோது கேத்தலைச் சரிக்காமல் காத்துக்கொண்டுகூட நின்றார்.

அவன் கோழையல்ல. ஒழுங்கானவன். குருநகரில் பிறந்து, யுத்தத்துக்குத் தப்பி, கடலாலும் தரையாலும் ஆகாயத்தாலும் பேர்லின் வந்து சேர்ந்து, ஆறு வருடமாக அலுவலகங்களைத் துடைத்து வாழ்பவன். அவனிடம் இருந்தது ஒரேயொரு தாள். டுல்டுங். அந்தச் சொல்லுக்குப் பொறுத்துக்கொள்ளுதல் என்று பொருள். ஜெர்மன் அரசு அவனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொறுத்துக்கொண்டது. அந்தத் தாளிலும் ஒரு பிழை. ஜெர்மன்காரருக்கு சில்வெஸ்டர் என்றால் டிசம்பர் முப்பத்தோராம் நாள். ஆகவே அவன் பெயரைக் கேட்டு எழுதிய எழுத்தர் அதைப் பிறந்த திகதிக் கட்டத்தில் நிரப்பிவிட்டார். பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. ஆறு வருடமாக அவன் பெயரில்லாத ஒரு வருடக் கடைசி.

இப்படிப்பட்டவன் ஒரு பெண்ணிடம் போய் என்ன கேட்பது? முதலில் கடதாசி, பிறகு கேள்வி. கலியாணம் செய்யத் தடையில்லாதவன் என்று ஒரு சான்று கிடைத்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் போய்க் கேட்டுவிடலாம். பெண்ணின் சம்மதம் இல்லாமலே கலியாணத்துக்கு விண்ணப்பித்த முதல் ஆள் அவனாகத்தான் இருக்கவேண்டும்.

அவசரமும் இருந்தது. ரொறன்ரோ அண்ணை தங்கச்சிக்கு அங்கேயே ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு, இரண்டு கார் நிற்கும் கராஜ். பங்குனிக் கடைசியில் வரும் குருத்தோலை ஞாயிறுக்குள் வெரோனிக்கா ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டும். இதை அவளே சில்வெஸ்டரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன், "கராஜ் பெரிசோ?" என்று கேட்டான்.

சான்றுக்காக அவன் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனபோது நண்பன் றெஜினோல்ட் மொழிபெயர்க்க வந்தான். றெஜினோல்டுக்கு ஜெர்மன் தெரியும் என்பதை ஜெர்மன்காரரைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். மேசைக்குப் பின்னால் ஃப்ராவ் ஹோல்ட்ஸ்மன் என்ற அம்மையார் நீண்ட நேரம் பேசினார். றெஜினோல்ட் அதைச் சுருக்கினான்.

"உன்ர நாட்டு முத்திரை வேணுமாம் மச்சான்."

"முத்திரையோ?"

"ஓம், அரசாங்க முத்திரை. விண்ணப்பத்தில ஒட்டிக்கொண்டு வரட்டாம்."

அம்மையார் சொன்னது 'ஸ்டெம்பெல்'. மேசையில் ஓங்கிக் குத்துகிற வட்ட முத்திரை. கடிதத்தில் ஒட்டுகிற முத்திரைக்கு ஜெர்மனில் வேறு சொல் இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். 'ஒட்டி' என்பது றெஜினோல்ட் தன் பொறுப்பில் சேர்த்தது.

அன்று பின்னேரம் சில்வெஸ்டர் அம்மாவின் கடைசிக் கடிதத்தை எடுத்தான். உறையின் மூலையைச் சுடுநீரில் நனைத்து, முத்திரையைக் கிழியாமல் உரித்து, செபப் புத்தகத்துக்குள் வைத்து உலர்த்தினான். அலுவலகம் குறித்துக் கொடுத்த அடுத்த டெர்மினுக்கு, விண்ணப்பத்தின் கீழே அழகாக ஒட்டிக்கொண்டு போனான்.

ஃப்ராவ் ஹோல்ட்ஸ்மன் அதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். சிரிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் யாரும் சிரித்ததாகப் பதிவு இல்லை. அவர் அடுத்த அறைக்குப் போய் விதிப் புத்தகத்தோடு திரும்பினார்.

"விதியில் 'அரசின் இறைமையைக் காட்டும் குறி' என்றுதான் இருக்கிறது," என்றார். "எப்படிப்பட்ட குறி என்று இல்லை. விதியில் இல்லாததைக் கேட்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் இது ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்தப்பட்டது. பயன்படுத்தாத ஒன்றைக் கொண்டு வாருங்கள்."

"என்ர நாட்டுத் தூதரகத்தில வாங்கட்டோ?" என்று றெஜினோல்ட் மூலம் கேட்டான் சில்வெஸ்டர்.

"நீங்கள் அந்த அரசுக்குப் பயந்து வந்தவர். தூதரகத்துக்குப் போனால் உங்களுக்குப் பயம் இல்லையென்று ஆகிவிடும். போகாவிட்டால் முத்திரை இல்லையென்று ஆகிவிடும். இரண்டு நிலைகளையும் நாங்கள் மதிக்கிறோம்."

அவர் ஒரு மஞ்சள் கோப்பைத் திறந்து, அம்மாவின் முத்திரை ஒட்டிய விண்ணப்பத்தை முதல் பக்கமாக வைத்து மூடினார்.

செவ்வாயும் வெள்ளியும் பின்னேரங்களில் சில்வெஸ்டர் துடைக்கிற இடங்களில் ஒன்று, ஒரு கம்பளக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. வாசலில் பித்தளைத் தகடு. 'தர்வீனியக் குடியரசு. அஞ்சல் தலைமைத் தூதரகம்.' அந்த நாடு பிறந்து பதினெட்டு மாதம். எங்கோ கிழக்கே, பெரிய நாடொன்று உடைந்தபோது தெறித்து விழுந்த ஒரு துண்டு. அதன் ராணுவம் இன்னும் சப்பாத்துக்காகக் காத்திருந்தது. முத்திரைக்கு மட்டும் ஏழு குழுக்கள் இருந்தன. பேர்லினில்தான் நல்ல அச்சுக்கூடமும் முத்திரை சேகரிப்பவர்களும் இருப்பதால் குழுக்கள் பேர்லினில் இருந்தன.

தூதரகத்தின் தலைவர் தலைமை அஞ்சலதிபர் டொக்டர் லோவ்ரேக். மார்பு முழுக்கப் பதக்கங்கள். எல்லாம் அவரே வரைந்த மாதிரிகள். அவருக்குக் கீழே பசை ஆலோசகர் ஒருவர், பல் ஆலோசகர் ஒருவர். முத்திரையின் ஓரத்து வெட்டுகளை ஜெர்மனில் பல் என்பார்கள். சில்வெஸ்டருக்கு அது தெரியாது. மூன்று மாதம் அவரைப் பல் வைத்தியர் என்று நினைத்து வணக்கம் சொல்லிவந்தவன், ஒருநாள் கடைவாய்ப் பல்வலி தாங்காமல் அவர் முன்னால் போய் வாயைத் திறந்துகாட்டினான். ஆலோசகர் அளவுகோலை எடுத்துக் கவனமாகப் பார்த்துவிட்டு, "பதினான்குக்குப் பதினொன்று. கீழ் வரிசை ஒழுங்கில்லை," என்று குறித்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை சில்வெஸ்டர் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தன் உடைந்த ஜெர்மனில் டொக்டர் லோவ்ரேக்கிடம் கேட்டான்.

"ஐயா, ஒரு முத்திரை தருவீங்களோ? பாவிக்காதது. எனக்குத் தேவை."

டொக்டர் லோவ்ரேக்கின் கையிலிருந்த கோப்பி சிந்தியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"இன்னொரு முறை சொல்லுங்கள்."

"தேவை, ஐயா."

அரை மணி நேரத்தில் ஏழு குழுக்களும் கூடின. ஏழு குழுக்களிலும் அதே மூன்று பேர்தான் இருந்தார்கள், ஆகையால் கதிரைத் தட்டுப்பாடு வரவில்லை. டொக்டர் லோவ்ரேக் எழுந்து நின்று பேசினார்.

"கனவான்களே, ஒரு நாட்டுக்கு முதலில் தேவை எல்லை அல்ல. எல்லையில் சண்டை வரும். தண்ணீர் அல்ல. தண்ணீர் கொடுத்தால் மக்கள் அடுத்து மின்சாரம் கேட்பார்கள். ஒரு நாட்டுக்குத் தேவை ஓரத்தில் பல் வைத்த காகிதம். நமது முதல் முத்திரை தயார். நாற்பது நாடுகளின் சேகரிப்பாளர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களே நமது உண்மையான குடிமக்கள். உள்ளே வசிப்பவர்கள் பாண் விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் விற்பனைப் பட்டியல் தயாரிப்பவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். இந்த முத்திரையை யாராவது உண்மையான தேவைக்குப் பயன்படுத்தினார்களா என்று. தர்வீனியாவில் தபால் பெட்டிகளை நாம் வேண்டுமென்றே வைக்கவில்லை. கடிதங்கள் முத்திரைகளைப் பழுதாக்கும். இப்போது பாருங்கள், தேவை தானாகவே தும்புத்தடியோடு நடந்து வந்திருக்கிறது."

இப்படித்தான் சில்வெஸ்டர் தர்வீனியா முத்திரையின் முதற் பாவனையாளர் ஆனான். பட்டியலிலும் அச்சாகிவிட்டது. 'முதற் பாவனை: சில்வெஸ்டர்.' வாசித்தவர்கள் வருடக் கடைசியில்தான் முத்திரை வருமென்று விளங்கிக்கொண்டு திகதியைக் குறித்துவைத்தார்கள்.

முத்திரையில் ஒரு மலை. நீலமும் பழுப்புமாக அழகான மலை. அது பக்கத்து நாட்டுக்குச் சொந்தமானது. பக்கத்து நாடு கண்டனக் கடிதம் அனுப்பியது. உறையில் இருந்த அந்த நாட்டு முத்திரையைக் குழு மிகுந்த மரியாதையோடு உரித்து எடுத்துக்கொண்டு கடிதத்தைக் குப்பையில் போட்டது. குப்பையைச் சில்வெஸ்டர்தான் கொட்டினான்.

பாவனையாளருக்குப் பயிற்சி தேவைப்பட்டது. பசை ஆலோசகர் அவன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ஈரம் போதும், ஆனால் காரம் அதிகம் என்றார். மிளகாய் தின்ற நாக்குப் பட்டால் பசையின் குணம் மாறுமாம். அன்றிலிருந்து ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, அவனுக்கு மிளகாய் விலக்கு. அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் அவன் வெறும் சோற்றையும் தயிரையும் பிசைவதை வெரோனிக்கா பார்த்தாள்.

"என்ன, வயித்தில புண்ணோ?"

"இல்லை. ஒரு அரசாங்க அலுவல்."

"அரசாங்கம் உறைப்புச் சாப்பிட வேண்டாம் எண்டு சொன்னதோ?"

"இந்த அரசாங்கம் வேற."

"எத்தினை அரசாங்கம் வச்சிருக்கிறீங்கள்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணை நேற்றும் போன் எடுத்தவர். நான் குருத்தோலை ஞாயிறு மட்டும் பொறுக்கச் சொல்லிப்போட்டன்," என்றாள்.

"ஏன் பொறுக்கச் சொன்னனீர்?"

அவள் அவனுடைய சோற்றுக் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி தயிரைப் போட்டாள். "ஆருக்குத் தெரியும்," என்றாள்.

மாசி நடுவில் டொக்டர் லோவ்ரேக் ஒரு முத்திரையை இடுக்கியால் எடுத்து, புதிய விண்ணப்பத்தில் ஒட்ட அனுமதித்தார். அது ஒத்திகை என்று ஏழு குழுக்களும் தீர்மானம் எழுதின. சில்வெஸ்டர் அன்றே ஃப்ராவ் ஹோல்ட்ஸ்மன்னிடம் ஓடினான். உருப்பெருக்கி வந்தது. விதிப் புத்தகம் வந்தது.

"சரியாக இருக்கிறது," என்றார் ஃப்ராவ் ஹோல்ட்ஸ்மன். சில்வெஸ்டருக்குக் கண் கலங்கியது. அவர் தொடர்ந்தார். "உங்கள் அரசு தர்வீனியா என்பது இதனால் உறுதியாகிறது. ஆகவே உங்களுக்கான டுல்டுங் தேவையற்றதாகிறது. தர்வீனியாவில் யுத்தம் இல்லை. ஆறு கிழமைக்குள் நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்பலாம். வாழ்த்துகள்."

"நான் அங்க போனதேயில்லை," என்றான் சில்வெஸ்டர். றெஜினோல்ட் இதை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தான்.

"அது எங்கள் பிரிவுக்கு உரிய விடயம் அல்ல. கலியாணத்துக்குத் தடையில்லை என்ற சான்றை உங்கள் அரசு தந்தால், அதை வைத்து நீங்கள் இங்கேயே இருப்பது பற்றி வேறொரு பிரிவு யோசிக்கலாம்."

அவன் மூன்றாம் மாடிக்கு ஓடினான்.

"ஐயா, நான் உங்கட நாட்டு ஆளில்லை எண்டு ஒரு கடிதம் தாருங்கோ."

டொக்டர் லோவ்ரேக் வேதனையோடு பார்த்தார். "முடியாது. பட்டியல் அச்சாகிவிட்டது."

"அப்ப நான் உங்கட ஆள் எண்டு தாருங்கோ. அங்க போறன்."

"அதுவும் முடியாது. உள்ளே வரக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டு அச்சிடும் இயந்திரத்தில் இப்போது கிளி வரிசை முத்திரைகள் ஓடுகின்றன. அதற்குப் பிறகு மீன்கள். பிறகு நத்தார் பண்டிகை. தொண்ணூற்றேழில் பார்க்கலாம்."

"கலியாணச் சான்று?"

இங்கேதான் டொக்டர் லோவ்ரேக் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "அதை நானே கையொப்பமிட்டுத் தருவேன். குருத்தோலை ஞாயிறன்று முத்திரைச் சந்தை. அங்கே எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் முதல் கடிதத்தை எழுதி, முத்திரை ஒட்டி, தபாலில் சேர்க்கவேண்டும். கடிதம் பெட்டிக்குள் விழுந்ததும் சான்று உங்கள் கையில். விழாவிட்டால், நண்பரே, நீங்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது."

சில்வெஸ்டர் கணக்குப் போட்டான். இருக்கவும் ஏலாது, போகவும் ஏலாது. முன்னர் அவனுக்கு நாடுதான் இல்லாமல் இருந்தது. இப்போது நாடு ஒன்று இருக்கிறது, அதற்குள் நுழைய வழியில்லை. மிஞ்சியிருந்தது ஒரு கடிதம்.

குருத்தோலை ஞாயிறு. ஒரு பெரிய மண்டபம். நடுவில் சிவப்புக் கயிறு கட்டிய சதுரம். சதுரத்துக்குள் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பேனை. கதிரையில் கடன் வாங்கிய கோட்டோடு சில்வெஸ்டர். காலை பத்து மணிக்கு உட்கார வைத்தார்கள். கடிதம் முடியும்வரை பாவனையாளர் கயிற்றைத் தாண்டக்கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. சேகரிப்பாளர்கள் சுற்றிவந்து படம் எடுத்தார்கள். ஒரு கிழவர் குனிந்து அவன் காதுக்குப் பின்னால் பசை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்.

கடிதத்தை வெரோனிக்காவுக்கு எழுதுவதென்று அவன் முன்பே தீர்மானித்திருந்தான். அவளுடைய வீடு அங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். அவன் எழுதினான்: 'அன்பின் வெரோனிக்கா, சுகமோ?' மொழிபெயர்ப்பாளர் அட்டை குத்திக்கொண்டு நின்ற றெஜினோல்ட் அதைக் குழுவிடம் கொண்டுபோனான். திருப்பி அனுப்பினார்கள். தேவை போதாதாம்.

இரண்டாவது தாளில், 'உம்மோடு ஒரு விசயம் கதைக்க வேணும்' என்று எழுதினான். அதுவும் திரும்பியது. குழு நடுவில் ஒரு வரி சேர்த்திருந்தது: 'தர்வீனியாவின் எழில்மிகு மலைகளை எண்ணும்போதெல்லாம் உம்மை எண்ணுகிறேன்.'

"விசயத்தை எழுது மச்சான்," என்றான் றெஜினோல்ட். "விசயம் இல்லாமல் விடமாட்டினம். எழுதினா நான் மைக்கில வாசிக்கிறன். தமிழிலயும் ஜெர்மனிலயும்."

"மைக்கிலயோ?"

"முதல் கடிதம் அரசாங்கச் சொத்தாம். நானூறு பேர் கேக்கவேணுமாம்."

சில்வெஸ்டர் பேனையைக் கீழே வைத்தான். மதியம் கழிந்தது. பேனையை எடுத்தான், வைத்தான். எட்டு மாதம் அவன் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை றெஜினோல்டின் ஜெர்மனில் கேட்பதை நினைக்க அவனுக்கு வேர்த்தது. பசை ஆலோசகர் அடிக்கடி வந்து, நாக்கை உலரவிடாதீர்கள் என்று தண்ணீர் கொடுத்தார். மூன்று மணிக்கு இருபத்திரண்டாவது தாளும் வெள்ளையாக இருந்தது.

மூன்றே காலுக்கு வெரோனிக்கா வந்தாள். பூசை முடிந்து நேரே வந்திருக்கிறாள் போல, கையில் சிலுவையாய் மடித்த ஓலை. கூட்டத்தை விலக்கிக் கயிற்றருகே வந்து நின்று அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"உதென்ன, மிருகக்காட்சிச் சாலையில வச்ச மாதிரி வச்சிருக்கினம்?"

"கடிதம் எழுதுறன்."

"ஆருக்கு?"

"உமக்கு."

"நான் இஞ்சதானே நிக்கிறன்."

சில்வெஸ்டர் வெள்ளைத் தாளைக் கவிழ்த்து வைத்தான். அவள் ஓலையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினாள்.

"லூர்தம்மா அக்கா சொன்னவ, நீங்கள் காலமையிலயிருந்து இதுக்குள்ள இருக்கிறீங்களாம் எண்டு. அதுதான் வந்தனான். இரவைக்கு அண்ணை எடுப்பார். நான் என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரிய வேணும். வேற ஆரிட்டயும் கேக்க எனக்கு வழியில்லை."

டொக்டர் லோவ்ரேக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆபத்து என்றால் தெரியும். அவர் பதக்கங்கள் குலுங்க ஓடிவந்தார்.

"பேசவேண்டாம்," என்றார். "தயவுசெய்து இருவரும் பேசவேண்டாம். எழுதட்டும். வாயால் சொல்லிவிட்டால் கடிதம் எதற்கு? கடிதம் இல்லையென்றால் முத்திரை எதற்கு? முத்திரை இல்லையென்றால், அம்மா, தர்வீனியா எதற்கு? பதினெட்டு மாத நாடு. அதில் அரசாங்கம் இருக்கிறது, கீதம் இருக்கிறது, நான் இருக்கிறேன். ஒரு மனிதர் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லாம் நிலைக்கும். எல்லா அரசுகளும் இவ்வளவுதான் கேட்கின்றன."

பையிலிருந்து சான்றை எடுத்து உயர்த்திக் காட்டினார். கையொப்பமிட்ட உண்மையான தாள். கீழே வட்டமாக, நீல மையில், ஓங்கிக் குத்திய ஸ்டெம்பெல். அதில் பெயருக்கான கட்டத்தில் பெயரே இருந்தது.

றெஜினோல்ட் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "மச்சான், வாயைத் திறந்தா கடதாசி இல்லையாம். கடதாசி இல்லாட்டி வெள்ளிக்கிழமையோட உன்ர ஆறு கிழமையும் முடியுது. யோசிச்சுச் செய்."

சில்வெஸ்டர் யோசித்தான். தாளைப் பார்த்தான். அது அழகாகத்தான் இருந்தது. பிறகு வெரோனிக்காவைப் பார்த்தான். அவள் டொக்டர் லோவ்ரேக்கையோ தாளையோ பார்க்கவில்லை. காலையிலிருந்து வெறும் தண்ணீர் குடித்து வெளிறிப்போன அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தான். சேகரிப்பாளர்களின் கமெராக்கள் மேலே உயர்ந்தன. பல் ஆலோசகர் அளவுகோலோடு ஓர் அடி முன்னே வந்தார். கயிறு முழங்கால் உயரம்தான். அவன் அதைத் தாண்டி அவள் முன்னால் போய் நின்றான். எங்கோ பின்னால் டொக்டர் லோவ்ரேக், "எழுதுங்கள், எழுதுங்கள்," என்று கெஞ்சுவது கேட்டது.

"வெரோனிக்கா," என்றான். செருமிக்கொண்டான். "என்னட்ட ஒரு கடதாசியும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்க இருப்பன் எண்டும் தெரியாது. ஆனாலும் கேக்கிறன். நீர் என்னைக் கலியாணம் கட்டுவீரோ?"